தொடாதே என்று எழுதியிருக்கும் கோப்பு

ஓரளவு பெரிய மென்பொருள் எதையாவது எடுத்து, அதன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனால், எங்காவது ஓரிடத்தில் முதல் வரியே அதட்டும்: 'இது கருவி எழுதிய நிரல், கை வைக்காதீர்கள்.' பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். கோ மொழிக்காரர்கள் இந்த வரி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாசகம் பிசகாமல் இருந்தால்தான் மற்ற கருவிகள் அந்தக் கோப்பை அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்கும். அந்த ஒரு வரிக்குக் கீழே ஆயிரக்கணக்கில் வரிகள். எழுதியவர் என்று யாரும் இல்லை. பெரும்பாலும் படித்தவர் என்றும் யாரும் இல்லை. ஆனால் மென்பொருள் அவற்றின் மேல்தான் ஓடுகிறது.

மனிதர் எழுதாத நிரல் என்றதும் இன்று எல்லோருக்கும் செயற்கை நுண்ணறிவுதான் ஞாபகம் வருகிறது. நிரலை நிரலே எழுதுவது அதைவிட மிகப் பழைய வழக்கம். கிட்டத்தட்டக் கணினித் துறையின் வயதே அதற்கும் ஆகிறது. பழையதைச் சரியாகப் பார்த்துவிட்டால், புதியதைப் பற்றிய கூச்சலில் பாதி அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: நாளைக்கு ஒரு தவறு தெரியவந்தால், திருத்தத்தை எந்தக் கோப்பில் செய்வார்கள்?

1952இல் கிரேஸ் ஹாப்பர் யுனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற ஒன்றைச் செய்தார். ஏற்கெனவே எழுதி வைத்த சிறு சிறு நிரல்களை எண் கொடுத்துக் கூப்பிட்டால், அவற்றை எடுத்துக் கோத்து முழு நிரலாக்கித் தரும். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் வந்தது. அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் 'தானியங்கி நிரலாக்கம்'. இன்று நாம் கம்பைலர் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் பொருளுக்கு அன்று அவ்வளவு பெரிய பெயர்! நிரலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். கையால் எழுதியதைப்போல வேகமாக ஓடுமா என்பது அவர்களுடைய முதல் கேள்வி. கணினி நேரம் தங்கத்தின் விலை விற்ற காலம் அது, கேட்டதில் நியாயம் உண்டு. ஃபோர்ட்ரான் குழு தன் உழைப்பில் பெரும்பங்கை அந்த ஒரு கேள்விக்கே செலவிட்டது.

அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது என்பதைவிட, தீர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நமக்கு வேண்டியது. கணக்கில் தவறு வந்தால் ஃபோர்ட்ரான் வரியைத் திருத்தினார்கள். அதிலிருந்து வந்த இயந்திர மொழியை மெல்ல மெல்ல யாரும் திறந்துகூடப் பார்க்காமல் விட்டார்கள். மூலம் ஒரு மாடி மேலே ஏறிவிட்டது. இதன் பிறகு வந்த ஒவ்வொரு கருவியும் அதையே இன்னொரு மாடி ஏற்றப் பார்த்த முயற்சிதான்.

எனக்குப் பிடித்த கருவி யாக். பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது. 'இன்னுமொரு கம்பைலர் கம்பைலர்' என்ற கேலிப் பெயரின் சுருக்கம். அதாவது அப்போதே இப்படிப்பட்டவை ஏராளம். பி மொழிக் கம்பைலரில் புதிதாக ஒரு குறியைச் சேர்க்கவேண்டும் என்று ஜான்சனுக்கு ஆசை. வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை, பார்சர் என்பார்கள், அதைக் கையால் மாற்றி எழுதுவது தலைவலி. பக்கத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஏஹோ, 1965இல் டொனால்ட் க்னூத் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியைப் பிரித்துப் படிப்பதற்கான அட்டவணையைக் கணித முறைப்படியே வருவித்துவிடலாம் என்றது அந்தக் கட்டுரை. முதலில் ஏஹோ அட்டவணையைக் கையாலேயே போட்டுக் கொடுத்தார். இலக்கணத்தில் ஒரு விதி மாறினால் அட்டவணை முழுதையும் மறுபடி போடவேண்டும். இதைவிடப் பொருத்தமான வேலை ஒரு கணினிக்குக் கிடைக்குமா?

யாக்குக்குக் கொடுக்கும் கோப்பு சிறியது. கோவை என்பது ஓர் எண். அல்லது ஒரு கோவை, கூட்டல் குறி, இன்னொரு கோவை. அல்லது ஒரு கோவை, பெருக்கல் குறி, இன்னொரு கோவை. இப்படி விதிகள். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும், அது பொருந்தினால் செய்யவேண்டிய வேலை. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு யாக் ஒரு சி நிரலைத் துப்பும். அதைத் திறந்தால் எண்கள், எண்கள், மேலும் எண்கள். நடுவே அவற்றை வைத்துக்கொண்டு சுற்றும் சின்னதாக ஒரு சுழல்.

அந்தச் சுழல் என்ன செய்கிறது என்பதை ஒரு முறையாவது பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். 2 + 3 * 4 என்று வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்து ஓர் அடுக்கில் வைக்கிறது: 2, பிறகு கூட்டல் குறி, பிறகு 3. இப்போது அடுக்கில் இருப்பது 2 + 3. இது ஒரு விதிக்குப் பொருந்துகிறது. சேர்த்துச் சுருக்கி ஒரே கோவையாக்கிவிடலாம். ஆனால் அடுத்து எட்டிப் பார்த்தால் பெருக்கல் குறி நிற்கிறது. சுருக்குவதா, பொறுத்திருந்து அந்தக் குறியையும் அடுக்கில் ஏற்றுவதா? சுருக்கினால் விடை 20. ஏற்றினால் 14. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும் 14தான் சரி என்று. யாக்குக்கு எப்படித் தெரியும்? கூட்டலைவிடப் பெருக்கல் இறுக்கமாகப் பிடிக்கும் என்று இலக்கணக் கோப்பில் ஒரு வரி எழுதியிருப்போம். அந்த வரி அட்டவணையில் ஒரு கட்டத்து எண்ணாக உறைந்து கிடக்கும். ஓடும்போது யோசிப்பதே இல்லை. இந்த நிலை, இந்தக் குறி, இந்தக் கட்டம், ஏற்று. முடிந்தது.

அந்த வரியை எழுத மறந்திருந்தால்? யாக்கின் சிறப்பு அங்கேதான் தெரியும். அட்டவணை போடும்போதே, இந்த இடத்தில் ஏற்றவும் செய்யலாம், சுருக்கவும் செய்யலாம், இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது என்று முரண்பாட்டைச் சொல்லிவிடும். நிரல் இன்னும் ஒரு முறைகூட ஓடவில்லை. சோதனைக்கு ஓர் உள்ளீடுகூடக் கொடுக்கவில்லை. இருந்தாலும் உங்கள் இலக்கணத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது. கையால் எழுதிய பார்சரில் இந்தக் குழப்பம் சத்தமில்லாமல் ஏதோ ஒரு பக்கம் தீர்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. நிரல் எழுதித் தருகிறது, உழைப்பு மிச்சம் என்பதையே இத்தகைய கருவிகளின் லாபமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் உழைப்பு மிச்சமாவது இரண்டாம் பட்சம். சொல்ல வந்ததைத் தனியாக, சிறியதாக எழுத வைக்கிறது. சிறியதாக இருப்பதால் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. பெரிய லாபம் அதுதான்.

யாக்கோடு லெக்ஸ் என்ற இன்னொரு கருவியும் சேர்ந்துகொண்டது. எழுத்துகளைச் சொற்களாக வெட்டித் தரும் பகுதியை அது எழுதும். மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் எழுதியது. ஆமாம், பின்னாளில் கூகுளுக்குத் தலைமை தாங்கிய அதே ஷ்மிட். இந்த இரண்டு கருவிகளும் கையில் இருந்ததால், ஒரு புது மொழியைச் செய்வது பெரிய காரியமாக இல்லாமல் போயிற்று. கணிதச் சமன்பாடுகளை அச்சுக்குக் கோப்பதற்கென்று ஒரு மொழி வந்தது, ஆக் என்ற இன்னொரு மொழி வந்தது. யூனிக்ஸ் உலகத்தில் அத்தனை குட்டி மொழிகள் முளைத்ததற்கு யாக் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கருவியே கதி என்று கிடந்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்துவிடவில்லை. சி மொழியில் 'அ * ஆ;' என்று ஒரு வரி வந்தால் அதற்கு என்ன பொருள்? அ ஓர் எண் மாறியாக இருந்தால், இது பெருக்கல். அ ஒரு வகையின் பெயராக இருந்தால், ஆ என்ற சுட்டியை அறிவிக்கிறோம். வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு முன்னால் அ எப்படி அறிமுகமானது என்று தெரிந்திருக்கவேண்டும். இலக்கணம் தனி, பொருள் தனி என்று யாக் போட்டுவைத்த வேலியை இந்த ஒரு வரி தாண்டிவிடுகிறது. சி++ மொழியில் இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் அதிகம். அதை உருவாக்கிய பியார்னெ ஸ்ட்ரௌஸ்ட்ரப் கையால் பார்சர் எழுதத்தான் எண்ணியிருந்தார். ஏஹோவும் ஜான்சனும் பேசி அவரை யாக் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது தவறான முடிவு என்று பிற்பாடு தன் நூலிலேயே எழுதினார். ஜிசிசி கம்பைலர், யாக்கின் வாரிசான பைசனைப் பல காலம் பயன்படுத்திவிட்டு, சி++ பார்சரை 2004இலும் சி பார்சரை 2006இலும் கையால் எழுதியதாக மாற்றிக்கொண்டது. பயனாளர் எழுதிய நிரலில் தவறு இருந்தால், எங்கே, ஏன் என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்கும் கையால் எழுதிய பார்சர் வசதி. ஆகவே கருவியா கையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சொல்ல வேண்டியது முழுவதும் அந்தச் சிறிய கோப்பில் அடங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அடங்காமல் பக்கவாட்டில் வழிய ஆரம்பித்தால் கருவியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அடங்குவதற்கு அழகான எடுத்துக்காட்டு கூகுளின் புரோட்டோபஃப். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மொழியில் எழுதப்பட்ட இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவேண்டும். செய்தியில் என்னென்ன இருக்கும் என்பதை மட்டும் ஒரு கோப்பில் எழுதினால் போதும்: ரயில் எண், அது முழு எண், புலம் 1. பெயர், அது எழுத்துத் தொடர், புலம் 2. இதைப் படித்து ஜாவாவுக்கு ஒரு கூறு, பைத்தானுக்கு ஒன்று, சி++க்கு ஒன்று என்று கருவி தனித்தனியாக எழுதிக் கொடுக்கும்.

ரயில் எண் 12637 என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் போவது மூன்றே பைட்டுகள்: 8, 221, 98. முதல் பைட்டான 8, புலம் 1, உள்ளே இருப்பது முழு எண் என்று சொல்கிறது. புல எண்ணை எட்டால் பெருக்கி வகையின் எண்ணைக் கூட்டினால் கிடைப்பது, முழு எண்ணுக்கு அந்த வகை எண் பூஜ்யம். பிறகு 12637ஐ 128 ஆல் வகுத்தால் ஈவு 98, மீதி 93. மீதி முதலில் போகிறது; பின்னால் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக 128ஐக் கூட்டி 221 ஆக. கடைசிப் பைட்டு 98, அதில் 128 இல்லை, எனவே எண் அங்கே முடிகிறது. இதையே ஜேசான் முறையில் ஆங்கிலப் புலப்பெயரோடு எழுதி அனுப்பினால் இருபது பைட்டுக்கு மேல் போகும். கணக்கு கடினமில்லை. ஆனால் இதை நூறு புலங்களுக்கு, நாலைந்து மொழிகளில், ஒரு பிட் பிசகாமல் எழுதுவது மனிதர் செய்யக்கூடாத வேலை. அலுத்துப்போய்த் தவறு செய்வோம்.

இங்கே பெயர் கம்பியில் போவதே இல்லை, எண் மட்டும் போகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அதனால் 'ரயில் எண்' என்ற பெயரை நாளைக்கு மாற்றினாலும் பழைய செய்திகளைப் படிக்க முடியும். ஆனால் புலம் 2 வேண்டாம் என்று நீக்கிவிட்டு, அந்த இரண்டாம் எண்ணை வேறு ஒன்றுக்குக் கொடுத்தால் வம்பு. எங்கோ ஒரு மூலையில் புதுப்பிக்காத பழைய நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; அது புதிய தரவைப் பழைய பொருளில் படித்துவிட்டுப் பேசாமல் போகும். அதனால்தான் நீக்கிய எண்களை இனி யாருக்கும் தரக்கூடாது என்று அதே கோப்பில் ஒதுக்கி வைக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கிய எண்ணை யாராவது மறுபடி எடுத்தால் கருவி நிரல் எழுத மறுத்துவிடும்.

கருவி மனிதரைவிட ஒரு படி மேலே போன கதையும் உண்டு. எம்ஐடியில் மத்தேயோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் (மேலே சொன்ன ஜான்சன் அல்ல) எஃப்எஃப்டிடபிள்யூ என்ற நூலகத்தைச் செய்தார்கள். ஒலியையும் படத்தையும் அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கை மிக வேகமாகப் போடும் மென்பொருள். அதன் உயிர்நாடியான சி நிரல்களை ஓகேமல் மொழியில் எழுதிய ஒரு கருவி எழுதுகிறது. எத்தனை எண்களுக்கான கணக்கு என்று சொன்னால், சூத்திரத்தை விரித்து, திரும்பத் திரும்ப வருவதை நீக்கி, கூட்டலையும் பெருக்கலையும் குறைத்து, ஒரு நீண்ட நேர்கோட்டு நிரலாக வடித்துத் தரும். 1999இல் ஃப்ரிகோ எழுதிய ஆய்வுக் கட்டுரையில், சில அளவுகளுக்கு அதுவரை யாருக்கும் தெரிந்திராத வழிமுறைகளைக் கருவியே கண்டுபிடித்துவிட்டது என்று குறிப்பிடுகிறார். அதிலும் மந்திரம் எதுவும் இல்லை. சுருக்கும் விதிகளைச் சலிக்காமல் கடைசிவரை பொருத்திப் பார்த்தது. மனிதர் பாதியில் விட்டிருப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவியின் புகழ். இனி அது கழுத்தறுத்ததாகத் தோன்றிய கதை. தோன்றிய என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

2017 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை. கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஓர்மண்டி, கிளவுட்ஃப்ளேர் பாதுகாப்புப் பிரிவில் யாராவது அவசரமாகத் தன்னைத் தொடர்புகொள்ளவேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். ஏராளமான வலைத்தளங்களுக்கும் வாசகர்களுக்கும் நடுவே நின்று பக்கங்களைக் கடத்தித் தரும் நிறுவனம் கிளவுட்ஃப்ளேர். அதன் வழியாக வந்த சில பக்கங்களின் வாலில் சம்பந்தமில்லாத குப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அது குப்பை இல்லை. வேறு தளங்களின் குக்கீகள், உள்நுழைவுச் சாவிகள், யாரோ யாருக்கோ அனுப்பிய தகவல்கள். ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அதே சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த அடுத்தவர் விவகாரமும் கூடவே வந்து விழுந்திருக்கிறது. தேடுபொறிகள் அவற்றைச் சேமித்தும் வைத்துவிட்டன. பின்னர் 161 தளங்களைச் சேர்ந்த 770 முகவரிகளைத் தேடுபொறிகளின் சேமிப்பிலிருந்து அழிக்க வேண்டியிருந்தது. இதற்கு கிளவுட்ப்ளீட் என்று பெயர் விழுந்தது.

காரணம் ராகெல் என்ற கருவி எழுதிய நிரலில் ஒரே ஒரு ஒப்பீடு. ராகெலும் யாக்கின் தூரத்து உறவுதான். எழுத்துத் தொடர் எப்படி இருக்கும் என்று வர்ணித்தால், அதை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சி நிரலைத் தரும். வலைப்பக்கத்தைப் பிரித்துப் படிக்க கிளவுட்ஃப்ளேர் அதைப் பயன்படுத்தியது. படிக்கும் நிரலிடம் ஒரு சுட்டி இருக்கும், பி. தரவு எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் எல்லை, பிஇ. ஒவ்வொரு எழுத்துக்கும் பி ஒன்று கூடும். கூடிய உடனே பிஇக்குச் சமமா என்று பார்க்கும். சமம் என்றால் நிற்கும். தரவு நூறு எழுத்து என்றால் எல்லை 100. 98, 99, 100, நில்.

இப்போது ஒரு பக்கம் அரைகுறையாக முடிகிறது என்று வையுங்கள்: ஸ்கிரிப்ட் என்ற குறியைத் திறந்து, அதில் ஒரு பண்பை எழுத ஆரம்பித்து, சமக்குறி போட்டதோடு பக்கம் தீர்ந்துவிட்டது. படிக்கும் நிரல் எல்லைக்கு வந்து நிற்கிறது, பி 100. பண்பு முழுமையாக இல்லை என்பதால் பிழை வந்தால் செய்யவேண்டிய பகுதிக்குப் போகிறது. அந்தப் பகுதி, திரும்பவும் பண்பைப் படி என்று அனுப்பி வைக்கிறது. அனுப்பும் முன் பியை ஒரு எழுத்து பின்னால் இழுத்திருக்கவேண்டும். சரியாகப் படித்த கிளையில் அந்த வரி இருந்தது. பிழைக் கிளையில் இல்லை. விளைவு: பி ஒன்று கூடி 101. 101 நூறுக்குச் சமமா? இல்லை. மேலே போ. 102, 103. எல்லைக் கல்லைத் தாண்டி, அடுத்தவர் வயலில் நடந்துகொண்டே இருக்கிறது. '==' என்ற இடத்தில் '>=' என்று இருந்திருந்தால், 101இலேயே நின்றிருக்கும்.

அந்த '==' ராகெல் எழுதியது. உடனே எல்லோரும் ராகெலைப் பிடித்தார்கள். கிளவுட்ஃப்ளேரே முன்வந்து, தவறு ராகெலில் இல்லை, நாங்கள் ராகெலுக்கு எழுதிக் கொடுத்ததில் இருக்கிறது என்று விளக்கம் வெளியிட்டது. சுட்டியைக் கையால் நகர்த்தாதவரை '==' பிசகாது; நகர்த்தும் உரிமையைக் கருவி கொடுத்திருந்தது, அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு கிளையில் தவறவிட்டார்கள். ஆக, என் கேள்விக்கு இங்கே பதில் தெளிவு: திருத்தம் போகவேண்டிய இடம் வர்ணனைக் கோப்பு. ஆனால் தடயம் கிடைத்த இடம் கருவி எழுதிய கோப்பு. அதைத் திறந்து படித்திருக்காவிட்டால் எல்லை ஏன் தாண்டப்பட்டது என்று புரிந்திருக்காது. யாரும் படிக்காத கோப்பு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருப்பது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பிழை பல ஆண்டுகளாகவே உள்ளே கிடந்தது. தரவுத் துண்டுகள் கைமாறிய விதத்தால் அது விழித்துக்கொள்ளவில்லை. எழுப்பிவிட்டது எது தெரியுமா? பழைய ராகெல் பார்சருக்குப் பதிலாக அவர்கள் எழுதிக்கொண்டிருந்த புதிய பார்சர். புதியதில் பிழை இல்லை. ஆனால் அது வந்ததும் துண்டுகள் கைமாறும் விதம் மாறியது. பழையதன் பிழை வெளியே வந்தது. பிப்ரவரி 13 முதல் 18 வரை கசிவு மோசமாக இருந்தது, ஏறத்தாழ 33 லட்சம் கோரிக்கைகளுக்கு ஒன்று வீதம். தகவல் தெரிந்ததும் 47 நிமிடத்தில் முக்கியமான ஒரு வசதியை உலகம் முழுக்க அணைத்தார்கள், ஏழு மணி நேரத்துக்குள் மொத்தமும் நின்றது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேலையிடத்தில் நடக்கும் தவறுகள் இவ்வளவு நாடகமாக இருப்பதில்லை. வழக்கமாக நடப்பது இது: அவசரம், இரவு, வாடிக்கையாளர் காத்திருக்கிறார். யாரோ ஒருவர் கருவி எழுதிய கோப்பையே திறந்து இரண்டு வரியைத் திருத்திவிடுகிறார். வேலை செய்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று மாதம் கழித்து வேறொருவர் மூலக் கோப்பில் ஒரு புலம் சேர்த்துக் கருவியை மறுபடி ஓட்டுகிறார். அந்த இரண்டு வரிகள் போன இடம் தெரியாது, பழைய பிழை திரும்பி வந்து நிற்கிறது. வார்ப்பு அச்சில் ஓட்டை இருக்க, வார்த்தெடுத்ததை அரம்போட்டு ராவிக்கொண்டிருந்த கதை. விவரமான குழுக்கள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கருவியை மறுபடி ஓட்டி, வெளிவருவதும் சேமித்து வைத்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இயந்திரத்தையே ஒப்பிடச் சொல்கின்றன. ஒன்றாக இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது கருவியின் பதிப்பு மாறியிருக்கிறது.

பதிப்பு மாறும் தொல்லைக்கு எஸ்க்யூலைட் ஒரு வழி கண்டிருக்கிறது. கைபேசிகளில் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும் தரவுத்தளம் அது. அதன் பார்சரை லெமன் என்ற கருவி எழுதுகிறது. எஸ்க்யூலைட்டை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் 1980களின் பிற்பகுதியில் எழுதிய கருவி. லெமனின் மூல நிரலும் எஸ்க்யூலைட்டின் மூல நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. மொத்தத்தையும் கட்டும்போது முதலில் லெமனைக் கட்டி, அதை வைத்துப் பார்சரை எழுத வைத்து, பிறகுதான் மற்றது. கருவியை வெளியே நம்பவேண்டிய அவசியமே இல்லை. முடிவில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளைச் சேர்த்து ஒரே பெரிய சி கோப்பாக ஒரு சிறு நிரல் கோத்துத் தருகிறது. ஊரெல்லாம் எடுத்துப் பயன்படுத்துவது பெரும்பாலும் அந்த ஒரே கோப்பைத்தான். கம்பைலர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதால் வேகமும் கொஞ்சம் கூடுகிறது.

இனி செயற்கை நுண்ணறிவு. 2021 ஜூனில் கிட்ஹப், நிரல் எழுதித் தரும் கோபைலட்டை முன்னோட்டமாகப் பார்க்கத் தந்தது. அதன் பிறகு, வேண்டியதைப் பேச்சு மொழியில் சொன்னால் நிரல் வந்துவிடும் கருவிகள் வரிசையாக வந்துவிட்டன. நன்றாகவே எழுதுகின்றன. இதைக் கம்பைலரோடு ஒப்பிட்டு, மூலம் இன்னும் ஒரு மாடி ஏறிவிட்டது, இனி பேச்சு மொழியே நிரல் மொழி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம், தரம் குறைவு என்பதல்ல. யாக்கின் வெளியீட்டைப் படிக்காமல் விடும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? அதே இலக்கணத்தைக் கொடுத்தால் அதே நிரல்தான் வரும், இன்றும், பத்து ஆண்டு கழித்தும். இலக்கணக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே பொருள்தான். இரண்டு இருந்தால் கருவியே கத்தும். இந்தப் புதிய கருவிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரியிடம் ஒரே வேண்டுகோளை இரண்டு தடவை வைத்தால் இரண்டு விதமாக எழுதித் தரலாம். மாதிரியின் பதிப்பு மாறினால் மூன்றாவது விதம். வேண்டுகோளில் இரட்டைப் பொருள் இருந்தால் பெரும்பாலும் கத்தாது. தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொண்டு சரளமாக எழுதிக்கொண்டே போகும்.

என் கேள்வியை இங்கே போட்டால் என்ன வருகிறது? தவறு தெரிந்தால் வேண்டுகோளைத் திருத்தி முழு நிரலையும் புதிதாக வாங்குகிறார்களா? பெரும்பாலும் இல்லை. வந்த நிரலில்தான் திருத்துகிறார்கள், கையாலோ அதே கருவியைக் கொண்டோ. வேண்டுகோள் உரையாடலோடு போய்விடுகிறது. பல இடங்களில் அதைக் களஞ்சியத்தில் யாரும் சேர்த்து வைப்பதுகூட இல்லை. ஆக மூலம் மேலே ஏறவே இல்லை. வெளிவந்த நிரலேதான் மூலம். அப்படியென்றால் அதன் முதல் வரியில் கை வைக்காதீர்கள் என்று எழுத முடியாது. கூட வேலை செய்பவர் எழுதிய நிரலைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் ஏற்கவேண்டும். கோப்பு நீளமாகும்தோறும் படிக்கும் கண் சோர்ந்துபோகும் என்பதும் தெரிந்த விஷயம்.

இரண்டையும் இணைத்துச் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது. நூறு வகைச் செய்திகளுக்கு நூறு மாற்று நிரல் வேண்டும் என்றால், அந்த நூறையும் மொழி மாதிரியிடம் கேட்பதில்லை. நூறையும் எழுதும் ஒரு சிறு கருவியை எழுதித் தரச் சொல்கிறார்கள். வருவது பெரும்பாலும் ஒரு மூச்சில் படித்து முடிக்கிற அளவுதான் இருக்கும். உட்கார்ந்து படிக்கிறார்கள், சந்தேகமான இடத்தில் சண்டை போடுகிறார்கள், சோதனை எழுதுகிறார்கள், களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். அதற்கப்புறம் மாதிரிக்கு அங்கே வேலை இல்லை. நூற்றொன்றாவது செய்தி வரும்போது பட்டியலில் ஒரு வரி சேர்த்துக் கருவியை ஓட்டினால் போதும், மற்ற நூறும் முன்பு வந்தபடியே ஒரு எழுத்து மாறாமல் வரும்.